நூற்றுப் பன்னிரண்டாம் பை

மலையடியில் மூன்று பள்ளங்கள் ஒன்றாகச் சேருகிற இடத்தில் ஒரு கூடாரம் இருந்தது. அந்தப் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்றுதான் சொல்வார்கள். கூடாரத்தில் இருந்தவர்களுக்குப் பள்ளத்து மண்ணை அள்ளிப் பையில் போட்டு அனுப்புகிற வேலை. மலைக்குள் எங்கேயாவது செம்போ ஈயமோ துத்தநாகமோ கிடந்தால், மழை அதைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவரும். பள்ளத்து மண்ணைச் சோதித்தால் மலையின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

வேலையைச் சொல்லிக்கொடுக்கிறவள் ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி, வயது முப்பத்து மூன்று. கற்றுக்கொள்கிறவள் பூவாத்தாள். அவளுக்கு நாற்பத்தெட்டு. சின்னவளிடம் பாடம் கேட்பதில் பூவாத்தாளுக்குக் குறை ஒன்றும் இல்லை. குறைப்பட்டுக்கொள்ள அவளுக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

முதல் நாள் ஜெசிந்தா அவள் கையைப் பார்த்தாள்.

"வளையலைக் கழற்றி வைங்கக்கா. மோதிரத்தையும்."

"தாலிக்கொடிங்க அம்மிணி?"

"குனிஞ்சா தண்ணியில படுமா?"

"படுமுங்க."

"அப்போ ரவிக்கைக்குள்ள போட்டுக்குங்க. மண்ணுக்குள்ள இருக்கிறது மட்டும்தான் பைக்குள்ள போகணும். நம்ம உடம்புல இருக்கிறது போகக்கூடாது."

பிறகு மற்றவற்றைச் சொன்னாள். நடு ஓட்டத்தில் அள்ள வேண்டும். கரை சரிந்த மண்ணை அள்ளக் கூடாது, அது மலையிலிருந்து வந்ததல்ல. ஆள் புழங்குகிற இடத்துக்கு எப்போதும் மேலே போய் அள்ள வேண்டும். நைலான் சல்லடையில் தண்ணீர் விட்டுச் சலித்து, அடியில் தங்குகிற நைஸ் மண்ணை மட்டும் எடுத்து, பையில் பென்சிலால் எண் எழுத வேண்டும். கடைசியாக ஒரு நோட்டைக் கொடுத்தாள். ஒவ்வொரு பைக்கும் ஒரு வரி. பள்ளத்தின் அகலம், தண்ணீரின் ஆழம், மண்ணின் நிறம், மேலே என்ன இருக்கிறது என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தின் தலையில், 'ஏன் இங்கே?' என்று எழுதியிருந்தது.

"இது எதுக்குங்க?"

"பள்ளத்துல நிக்கிறதுக்கு ஆயிரம் இடம் இருக்கு. இந்த இடத்துல ஏன் நின்னீங்கன்னு எழுதணும்."

"காலு வலிச்சா நிக்கறதுதானுங்க."

"அப்போ அதை எழுதுங்க."

பூவாத்தாள் சிரித்தாள். ஜெசிந்தா சிரிக்கவில்லை. அதனால் முப்பத்தோராம் பைக்கு நேரே, கடைசிக் கட்டத்தில், கால் வலி என்றே இருக்கிறது.

நூற்று நாற்பது பைகளும் ஆய்வுக்கூடத்துக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் தாள் வந்தது. எல்லா எண்ணும் இருபது, முப்பது, பதினெட்டு என்று சப்பென்று கிடந்தன. நூற்றுப் பன்னிரண்டு மட்டும் துள்ளி நின்றது. செம்பு முந்நூற்றுப் பத்து. துத்தநாகம் நூற்று அறுபது.

அது பூவாத்தாளின் பை. அவள் அள்ளியது, அவள் சலித்தது, அவள் கையால் எண் போட்டது.

நகரத்திலிருந்து மேலதிகாரி போனில் பேசினார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டு வைத்தால் போதும், சர்க்கார் அனுமதி கையில் இருக்கிறது, அடுத்த மாதமே இயந்திரத்தை இறக்கி அந்தப் பள்ளத்துக்கு மேலே நீளமாகக் குழி வெட்டிப் பார்த்துவிடலாம் என்றார்.

மேலே என்றால் எங்கே என்று பூவாத்தாளுக்குத் தெரியும். அவள் அள்ளிய இடத்தில் கன்னிமார் கோயில் இருக்கிறது. கோயில் என்றால் கட்டிடம் இல்லை, மஞ்சள் பூசிய ஏழு கல். அதற்கு மேலே பள்ளம் ஒரே ஒருத்தன் காட்டுக்குள்தான் ஓடுகிறது. காடு என்றால் அங்கே விளைநிலம். இந்த வருஷம் அதில் மஞ்சள் போட்டிருக்கிறது. காட்டுக்காரன் சென்னியப்பன், பூவாத்தாளின் உடன்பிறந்த தம்பி.

பதினொரு வருஷமாக அவள் அவனோடு பேசுவதில்லை.

மஞ்சள் காட்டின் நடுவே இயந்திரம் இறங்கி மண்ணைக் கிழிப்பதை அவள் மனசுக்குள் பார்த்தாள். சோறு வடிக்கும்போது பார்த்தாள். சல்லடை கழுவும்போது பார்த்தாள். தம்பி வரப்பின் மேல் நின்று கையைப் பிசைவதையும் சேர்த்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க நன்றாக இருந்தது.

அதைக் கெடுத்தவள் சரசாள். அவளும் பூவாத்தாளின் ஊர்க்காரி, அதே வேலைக்கு வருகிறவள், வாய் சும்மா இருக்காது. எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது தாளை எட்டிப் பார்த்தாள்.

"நூத்திப் பன்னெண்டா? கன்னிமார் கோயல்கிட்ட அள்ளுனதா? ஏனுங்கக்கா, அது நாம வெளக்கு தேய்க்கற எடமாச்சே."

"எந்த எடம்?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்களே. ஊருப் பொம்பளைங்க அத்தனை பேரும் புளியும் செங்கப் பொடியும் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு, பித்தளையில பாதி அந்தத் தண்ணியிலதான கெடக்குது. மெசினு வந்து தோண்டுனா உங்க மாமியா குத்துவெளக்குதான் கெடைக்கும்."

டீ குடித்தவர்கள் சிரித்தார்கள்.

பூவாத்தாள் கையிலிருந்த சல்லடையைத் தரையில் எறிந்தாள். அது உருண்டு போய் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"என்ற வேலையில நொட்டை சொல்றதுக்கு நீ யாருடி? நீ அள்ளுன பையில பாதி எருமைச் சாணி."

"சாணி அள்ளுனேன்தான். ஆனா எருமை நெசமாலும் அந்தப் பக்கம் வந்துட்டுப் போச்சுங்கக்கா."

மறுபடியும் சிரித்தார்கள். பூவாத்தாளுக்குக் காதெல்லாம் சுட்டது. சரசாள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு சுட்டிருக்காது. அந்தப் பள்ளத்தோரக் கல்லின் மேல் இருபத்தைந்து வருஷம் அவளே விளக்குத் தேய்த்திருக்கிறாள். மண் அள்ளிய அன்றைக்குக்கூடப் புளிச்சக்கை ஒன்று அவள் காலில் வந்து ஒட்டியது. அதை எடுத்துத் தூரப் போட்டுவிட்டுத்தான் அள்ளினாள்.

கூடாரத்துக்குப் பின்னால் ஜெசிந்தா ஈரப் பைகளைக் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பூவாத்தாள் போய் எதிரே நின்றாள்.

"ஒரே ஒரு கேள்விங்க அம்மிணி. நூத்திப் பன்னெண்டு நெசமா, பொய்யா?"

"எதுக்கு இவ்வளவு கோபம்?"

"எனக்கென்னுங்க கோவம்? நான் எதுக்குக் கோவப்படறேன்? கோவமெல்லாம் இல்லீங்க."

ஜெசிந்தா இன்னொரு பையைக் கயிற்றில் மாட்டினாள்.

"செம்பு வந்திருக்கு. துத்தநாகம் வந்திருக்கு. ஈயம் எங்கேக்கா?"

"அது வராட்டி என்னுங்க?"

"வராமலும் இருக்கலாம். ஆனா மலைக்குள்ள பெரும்பாலும் மூணும் கூடவே கிடக்கும். ரெண்டு மட்டும் கிளம்பி வந்துச்சுன்னா மூணாவதைப் பத்தி விசாரிக்கணும். செம்பும் துத்தநாகமும் மட்டும் கலந்தா அது பித்தளை."

"எனக்குக் கதை வேண்டாமுங்க. நெசம்னா கையெழுத்துப் போடுங்க. பொய்யின்னா என்னைய ஊட்டுக்கு அனுப்புங்க. எவளோ நொட்டை சொல்றதைக் கேட்டுட்டு என்னால இங்க நிக்க முடியாது."

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து, பக்கம் புரட்டி, சத்தமாகப் படித்தாள்.

"நூற்றுப் பன்னிரண்டு. தண்ணீர் கணுக்கால் ஆழம். மண் சாம்பல் நிறம். மேலே என்ன இருக்கிறது, காடு. ஏன் இங்கே, இதற்கு மேல் வழி இல்லை."

"ஆமாங்க."

"இதற்கு மேல் வழி இல்லையா?"

"இந்தப் பக்கம் நட்டமா பாறைங்க. ஆடு கூட ஏறாது."

"அந்தப் பக்கம்?"

பூவாத்தாள் கயிற்றில் ஆடுகிற பைகளைப் பார்த்தாள்.

ஜெசிந்தா ஒரு சல்லடையையும் ஒரு காலிப் பையையும் எடுத்துக்கொண்டாள். தொப்பியைப் போட்டாள். நடந்தாள்.

"எங்கீங்க போறீங்க?"

"நெசமா பொய்யான்னு கேட்டீங்களே."

உச்சி வெயில். பூவாத்தாள் பின்னாலேயே போனாள், வழியெல்லாம் பேசிக்கொண்டே போனாள். சரசாளின் பிறந்த வீட்டைப் பற்றிப் பேசினாள். எருமையைப் பற்றிப் பேசினாள். படித்தவர்கள் படிக்காதவர்களை நம்புவதில்லை என்றாள். படிக்காதவர்களும் படிக்காதவர்களை நம்புவதில்லை என்றாள். ஜெசிந்தா ஊம் கொட்டவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

கன்னிமார் கோயிலுக்கு வந்தார்கள். ஏழு கல்லுக்கு முன்னால் பள்ளம் சலசலவென்று ஓடியது. தண்ணீர் ஓரத்துக் கற்களில் செங்கல் பொடியின் சிவப்பு ஊறிப்போயிருந்தது. ஜெசிந்தா குனிந்து ஒரு கை மண் எடுத்து, வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அதைத் தண்ணீரிலேயே விட்டாள்.

கோயிலுக்குக் கொஞ்சம் மேலே பள்ளத்தைத் தாண்ட ஐந்து கல் போட்டிருந்தது. அவள் ஐந்தையும் தாண்டி அக்கரையில் போய் நின்று திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் மஞ்சள் காடு பச்சையாகத் தெரிந்தது.

"வாங்கக்கா."

"நான் வரலீங்க."

"ஏன்?"

பூவாத்தாள் பேசாமல் நிற்கத்தான் நினைத்தாள். முடியவில்லை.

"என்ற அம்மா என்ற தம்பி ஊட்டுல செத்தப்ப நான் இங்கதானுங்க நின்னேன். இதே எடத்துல. பள்ளத்துல செந்தண்ணி, நெஞ்சுக்கு மேல. அவன் அங்க நின்னான், நீங்க நிக்கற எடத்துல. அம்மாளை எடுத்துட்டுப் போறமுங்கக்கான்னு கத்துனான். நில்லுடா, தண்ணி வடிஞ்சிரும், மொகத்தைப் பாத்துக்கறேன்னு நானும் கத்துனேன். நிக்கலை. திரும்பிப் போயிட்டான். கொஞ்ச நேரத்துல பொகை வந்துச்சு. எங்கிருந்து வருதுன்னு கூடத் தெரியலை, மரத்துக்கு மேல பொகை மட்டும் தெரிஞ்சுது. அதைத்தான் பாத்தேன்."

ஜெசிந்தா கேட்டுக்கொண்டு நின்றாள். இருவருக்கும் நடுவில் தண்ணீர் ஓடியது, இன்றைக்குக் கணுக்கால் அளவுதான்.

"மத்தியானத்துக்கெல்லாம் தண்ணி வடிஞ்சு போச்சுங்க அம்மிணி. முட்டிக்குக் கீழ. மத்தியானமே. அப்பச் சொன்னேன், இந்தக் கல்லை என்ற காலு தாண்டாதுன்னு. கன்னிமாரைச் சாட்சி வெச்சுச் சொன்னேன். அதுக்கு மேல வழி இல்லைன்னு எழுதுனேன். தப்புங்களா?"

"தப்புன்னு நான் சொல்லலையே."

"அப்ப நீங்களே அள்ளுங்க. நீங்க அந்தப் பக்கம்தான நிக்கறீங்க."

"நான் அள்ளினா அது என் பை, அக்கா. நூற்றுப் பன்னிரண்டைச் சரிபார்க்கணும்னா அதை அள்ளின கைதான் அள்ளணும்."

சொல்லிவிட்டு அவள் ஒரு பாறை மேல் உட்கார்ந்துகொண்டாள். அவசரம் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்த உட்கார்வைப் பார்க்கப் பூவாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பேச்சுச் சத்தம் கேட்டு மஞ்சள் காட்டுக்குள்ளிருந்து ஒருவன் வந்தான். தோளில் மண்வெட்டி. தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. தம்பிக்கு எப்போது இவ்வளவு நரை விழுந்தது என்று பூவாத்தாள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

சென்னியப்பன் அக்காவைப் பார்த்தான். பார்க்காதவன் போல ஜெசிந்தாவிடம் பேசினான்.

"யாருங்க அம்மிணி நீங்க? என்ற காட்டோரம் என்ன சோலி?"

"பள்ளத்துல கொஞ்சம் மண்ணு எடுக்கணும்ங்க."

பூவாத்தாள் இக்கரையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மிணி, அந்தாளுகிட்டச் சொல்லுங்க. இது கவுருமெண்டு அனுமதி வாங்குன வேலை. அந்தாளைக் கேட்டுட்டு அள்ளோணும்னு ஒண்ணும் இல்லை."

"அம்மிணி, அந்தம்மாகிட்டச் சொல்லுங்க. அள்ளறவிய இந்தப் பக்கம் வந்து அள்ளட்டும். அங்க நின்னுட்டு நாயம் பேச வேண்டாம்."

ஜெசிந்தா யாரிடமும் எதையும் சொல்லவில்லை. அவளைத் தாண்டி இரண்டு குரலும் போய் வந்தன.

சென்னியப்பன் மண்வெட்டியை இறக்கி வைத்தான்.

"ஊருக்குள்ள பேசிக்கறாங்க. என்ற காட்டுல மெசினு வெச்சு ஆள் ஒயரத்துக்குக் குழி எடுக்கப் போறாங்களாமா. நெசமுங்களா?"

"இன்னும் தெரியாதுங்க. இந்த அக்கா அள்ளின பையைப் பொறுத்தது."

அவன் அப்போதுதான் நேராக அக்காவைப் பார்த்தான்.

"ஓ," என்றான். "அப்படிங்களா." பிறகு ஜெசிந்தா பக்கம் திரும்பினான். "எங்க குழி எடுப்பாங்க, பள்ளத்தோரமாங்களா?"

"பள்ளத்தோரமாத்தான்."

"அந்தப் புளியமரம் வரைக்கும் வருமா?"

"வரலாம்."

"அப்பச் சரி. எங்கம்மாளை எரிச்ச எடமும் அதுலயே போயிரும். அந்தம்மாவுக்கு அதுவும் வேணும் போல."

புகையை மட்டும்தான் பூவாத்தாள் பார்த்திருந்தாள். எரித்த இடம் எதுவென்று பதினொரு வருஷமாக யாரையும் கேட்டதில்லை, கேட்டால் மானம் போய்விடும் என்று. இப்போது அந்தப் புளியமரத்தையும், அதைச் சுற்றி அடர்ந்து நிற்கிற மஞ்சள் தழையையும் பார்த்தாள்.

"அம்மாளை எரிச்ச எடத்துல மஞ்சள் போட்டிருக்கறயாடா நீ?"

பதினொரு வருஷத்தில் அவள் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"போடலை."

"போட்டிருக்கறே. தெரியுதே இங்கிருந்து."

"அங்கிருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். வந்து பாத்துட்டுப் பேசு."

"வந்தேன்னா உன்ற மஞ்சளை அத்தனையும் புடுங்கி எறிஞ்சு போடுவேன்."

"வா. வந்து புடுங்கு."

அவள் சேலையைத் தூக்கிச் செருகினாள். முதல் கல்லில் கால் வைத்தாள், இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவதில் வழுக்கித் தண்ணீருக்குள் நின்றாள். அப்புறம் கல்லே தேடவில்லை, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு அப்படியே நடந்து கரையேறினாள். ஜெசிந்தாவைத் தாண்டி, தம்பியைத் தாண்டி, தழையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போனாள்.

புளியமரத்தடியில் ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு ஏர் படாத தரை இருந்தது. புல் வளர்ந்திருந்தது. சுற்றிலும் கல் ஒழுங்காக அடுக்கியிருந்தது, தண்ணீர் பாய்ச்சினால் உள்ளே போகாதபடி.

அவள் அங்கே நின்றாள். பிடுங்குவதற்கு ஒன்றும் இல்லை.

சென்னியப்பன் பின்னால் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். மரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"மூணு நாளு மழை. ரெண்டு நாளு வெச்சிருந்தோம். அதுக்கு மேல வெக்கற மாதிரி இல்லை அக்கா. வாசம் வந்துருச்சு."

"மத்தியானமே தண்ணி வடிஞ்சுது."

"மத்தியானம் வடியுமின்னு காத்தால யாருக்குத் தெரியும்?"

"நான் சொன்னனே. கத்திச் சொன்னேன்."

"தண்ணிச் சத்தத்துல என்ன கேட்டுச்சு. நீ கையை ஆட்டுனே. போன்னு சொல்றயா, நில்லுன்னு சொல்றயான்னு யாரு கண்டா."

"பொய்யி சொல்லாதடா."

அவன் சொன்னதை அவள் நம்பினாளா என்றால், அன்றைக்கு நம்பவில்லை. வெறும் கையை ஆட்டிக்கொண்டு தான் நின்றதை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை பார்த்தாள். இங்கிருந்து கன்னிமார் கல் ஏழும் சின்னதாகத் தெரிந்தன. அங்கே யாராவது நின்று கத்தினால் எவ்வளவு கேட்கும் என்று யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

திரும்பி வந்து ஜெசிந்தாவின் கையிலிருந்து சல்லடையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தாலிக்கொடியை ரவிக்கைக்குள் போட்டாள். பள்ளத்தோரமாகவே மேலே நடந்தாள். புளியமரத்தைத் தாண்டி, காட்டின் மேல் வேலியையும் தாண்டி, ஆள் கால் படாத இடம் வந்ததும் குனிந்தாள்.

"அங்க வேண்டாமக்கா," என்று வேலிக்குப் பின்னாலிருந்து சென்னியப்பன் சொன்னான். "அது போன மழைக்குக் கரை சரிஞ்ச மண்ணு. பள்ளத்து மண்ணு இன்னும் பத்தடி மேல."

"எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டியதில்லை."

ஜெசிந்தா அந்தக் கரையைப் பார்த்தாள். பூவாத்தாளும் பார்த்தாள். அவன் சொன்னது சரியாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பத்தடி மேலே போனாள்.

நடு ஓட்டத்தில் மூன்று இடத்தில் அள்ளினாள். சலித்தாள். அவசரத்தில் முதல் தடவை பாதி மண் தண்ணீரோடு போய்விட்டது. மறுபடி அள்ளினாள். நைஸ் மண்ணைப் பையில் போட்டுக் கட்டி, நூற்று நாற்பத்தொன்று என்று எண் போட்டாள். நோட்டில் ஒவ்வொரு கட்டமாக எழுதிக்கொண்டு வந்து கடைசிக் கட்டத்தில் நின்றாள். அப்புறம் பென்சிலை அழுத்தி ஒரே வார்த்தை எழுதினாள்.

கோபம்.

ஜெசிந்தா வாங்கிப் படித்தாள். திருத்தவில்லை.

இறங்கி வரும்போது சென்னியப்பன் வீட்டு வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது.

"அம்மிணி, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க," என்றான்.

"அம்மிணி, எங்களுக்குப் பசி இல்லைன்னு சொல்லுங்க," என்றாள் பூவாத்தாள்.

"எனக்குப் பசிக்குது," என்றாள் ஜெசிந்தா. உள்ளே போய்விட்டாள்.

அவள் சாப்பிட்டு வருகிறவரை பூவாத்தாள் வெயிலில் ஈரப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி பெண்டாட்டி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்துவிட்டுப் போனாள். வெகு நேரம் அது அப்படியே இருந்தது. பிறகு யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து எடுத்துக் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி வந்தார். கையெழுத்து இல்லாததைப் பார்த்துக் கத்தினார். ஒரு பை பாக்கி இருக்கிறது என்றாள் ஜெசிந்தா. ஒரே ஒரு பைக்காக மூன்று வாரமா என்று கத்தினார். ஆமாம் என்றாள். போகிறபோது ஜீப் கதவை அவர் சாத்திய சத்தம் மலைவரை கேட்டது.

அந்த மூன்று வாரமும் பூவாத்தாள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அந்தப் பை என்ன சொல்ல வேண்டும் என்று தான் விரும்புகிறாள் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. செம்பு இருந்தால் அவள் சொல் நிற்கும், புளியமரம் போகும். இல்லாவிட்டால் மரம் நிற்கும், சரசாள் சிரிப்பாள். அடுப்பில் சோறு இரண்டு தரம் தீய்ந்தது.

தாள் வந்தது. நூற்று நாற்பத்தொன்று. செம்பு இருபத்திரண்டு, துத்தநாகம் முப்பது. மற்றப் பைகளைப் போலவே சப்பென்று கிடந்தது. ஜெசிந்தா வரைபடத்தில் கன்னிமார் பள்ளத்தைச் சுற்றிப் போட்டிருந்த சிவப்பு வட்டத்தை அழித்தாள். கையெழுத்தைப் போட்டாள். இயந்திரம் வராது.

சரசாள் வாயைத் திறந்தாள்.

"சிரிக்கறதுன்னா சிரிச்சுக்க," என்றாள் பூவாத்தாள். "நீ சொன்னதுதான் சரி. அது வெளக்குத் தேய்ச்ச மண்ணு. எனக்கும் தெரியும், அன்னைக்கே தெரியும்."

சரசாள் ஏனோ சிரிக்கவில்லை. டீயை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கும் பூவாத்தாளுக்கு எரிச்சல் வந்தது.

நோட்டை எடுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் பின்னால் போனாள். ஜெசிந்தா கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்கு அடுத்த பள்ளம்.

"அம்மிணி."

"சொல்லுங்கக்கா."

"நூத்திப் பன்னெண்டுல நான் எழுதுனது பொய்யி. வழி இருந்துச்சு. அஞ்சு கல்லு போட்டு வழி இருந்துச்சு. தெரிஞ்சே இல்லைன்னு எழுதி வெச்சேன். அந்த வரியைப் பேனாவுல அடிச்சுப் போடறேனுங்க. பாக்கப் பாக்க எனக்கு ஆத்தரமா வருது."

ஜெசிந்தா கயிற்றைக் கீழே வைத்தாள். நோட்டையும் பேனாவையும் வாங்கினாள். கொட்டைக் கொட்டையான அந்த எழுத்தை, இதற்கு மேல் வழி இல்லை என்பதை, கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவை மூடி அவளிடமே கொடுத்தாள்.

"இருக்கட்டும்கா," என்றாள். "அன்னைக்கு வழி இல்லைதானே."